அரிட்டாபட்டி: ஒரு சிற்றூரின் நிலமும் வரலாறும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

நம் வரலாற்றுப் பாடநூலில் ரோமாபுரி உண்டு, பாடலிபுத்திரம் உண்டு. புவியியல் நூலில் ஆல்ப்ஸ் மலை உண்டு, நைல் நதி உண்டு. ஆனால் நம் மதுரை மாநகரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் சென்று சேரக்கூடிய எத்தனையோ ஊர்கள் எந்தப் பாடநூலிலும் இடம் பெறவில்லை. "உங்களுக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் நிலத்தைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் எழுதி வாருங்கள்" என்று எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை கூறியபோது தோழியர் பலர் கீழடியை எடுத்துக்கொண்டனர். நான் அரிட்டாபட்டியை எடுத்துக்கொண்டேன்.

முதலில் புவியியலுக்கு ஒரு நோட்டும் வரலாற்றுக்கு ஒரு நோட்டும் வைத்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். சில நாட்களிலேயே இரண்டும் ஒன்றாகிவிட்டன. இவ்வூரில் பாறையைப் பற்றி எழுதினால் தண்ணீர் வருகிறது. தண்ணீரைப் பற்றி எழுதினால் வயல் வருகிறது. மீண்டும் பாறைக்குத் திரும்பினால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்து வந்து நிற்கிறது. ஒன்றைப் பெயர்த்தால் மற்றவை நில்லா. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைவிடம்

அரிட்டாபட்டி மதுரை மாவட்டத்தில் மேலூர் வட்டாரத்தைச் சேர்ந்தது. மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மதுரையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் புறப்பட்டால் முதலில் ஒத்தக்கடையில் ஆனைமலை எதிர்ப்படும். படுத்திருக்கும் யானையைப் போன்ற அம்மலையை நம்மில் பார்க்காதவர் இரார். அதைக் கடந்து நரசிங்கம்பட்டி, வெள்ளரிப்பட்டி ஆகிய ஊர்களின் பக்கமாகச் சென்று உள்ளே திரும்ப வேண்டும். மேற்கே அழகர்மலை, கிழக்கே மேலூர். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட சமவெளியில் அரிட்டாபட்டியும் அதன் அருகே மீனாட்சிபுரம், மாங்குளம் ஆகிய ஊர்களும் அமைந்துள்ளன.

மதுரைச் சமவெளி வறண்ட நிலம். ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவே. அதில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயில் மிகுதி. இப்படிப்பட்ட நிலத்தில் ஓர் ஊர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் நடமாட்டத்துடன் இருந்து வருகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? அக்காரணம் ஊரைச் சூழ்ந்துள்ள குன்றுகள் ஆகும்.

பாறையும் நீரும்

அரிட்டாபட்டியைச் சுற்றி ஏழு குன்றுகள் தொடராக உள்ளன. கழிஞ்சமலை, நாட்டார்மலை, கழுகுமலை, தேன்கூட்டுமலை என்று ஊரார் அவற்றுக்குப் பெயர் வைத்துள்ளனர். கழுகு இருந்த இடம் கழுகுமலை. தேனீ கூடு கட்டிய இடம் தேன்கூட்டுமலை. பெயரிலேயே இயற்கை வரலாறு அடங்கியிருக்கிறது பாருங்கள்.

இக்குன்றுகள் மண் மலைகள் அல்ல; வழுவழுப்பான பெரும் பாறைகள். மதுரை, மேலூர் பக்கத்துப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவானவை. மேலே இருந்த மண்ணும் மென்மையான கல்லும் காலப்போக்கில் மழையாலும் காற்றாலும் அரிக்கப்பட்டு நீங்க, கடினமான பகுதி மட்டும் குன்றாக எஞ்சி நிற்கிறது.

பாறைமீது புல் அதிகம் முளைக்காது; பயிர் செய்ய இயலாது. ஆகவே அது பயனற்ற இடம் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. மண்ணில் பெய்யும் மழையில் ஒரு பகுதி பெய்த இடத்திலேயே ஊறிவிடும். பாறைமீது பெய்யும் மழையோ பெரும்பாலும் வழிந்து அடிவாரத்துக்கு வந்து சேரும். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர் தண்ணீர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஹெக்டேருக்குப் பத்து லட்சம் லிட்டர். அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் இன்று பாதுகாக்கப்பட்டுள்ள மலைப்பகுதி ஏறத்தாழ 193 ஹெக்டேர். கணக்குப் போட்டால் அந்த ஒரு நாள் மழையில் மட்டும் 19 கோடி லிட்டருக்கு மேல் அம்மலைகள்மீது விழுகிறது! எல்லாம் கண்மாய்க்கு வந்து சேராது. என்றாலும் இக்குன்றுகளை ஊருக்கு மேல் வைத்த கூரை என்றே சொல்லலாம். நம் வீட்டுக் கூரையில் விழும் மழையை இறவாணத்தில் குடம் வைத்துப் பிடிப்பதுபோல, அடிவாரத்தில் கண்மாய் வெட்டி நம் முன்னோர் பிடித்தனர்.

வழிந்தோடாத நீர் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. அங்கே வெயில் படாது. ஆகவே விரைவில் ஆவியாகாது. அந்நீர் மெல்லக் கசிந்து, பாறையில் தாழ்வான இடங்களில் வெளிப்படுகிறது. அதுவே சுனை. இக்குன்றுகளைச் சார்ந்து 200 சுனைகளும், 72 ஏரிகளும், 3 தடுப்பணைகளும் உள்ளன என்று தமிழ்நாடு அரசின் அறிவிப்பு கூறுகிறது. கோடைகாலத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பறவைக்கும் இச்சுனைகளே தண்ணீர்ப் பந்தல்.

கண்மாய்களும் வயல்களும்

எங்கள் பக்கத்தில் ஏரியைக் கண்மாய் என்போம். இங்குள்ள கண்மாய்களில் முக்கியமானது ஆனைகொண்டான் கண்மாய். இது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அரசின் குறிப்பு சொல்கிறது.

கண்மாயின் வேலை எப்படி நடக்கிறது என்று அறிவது சுவையானது. மேட்டிலிருந்து வரும் நீரைத் தடுக்கப் பிறை வடிவில் கரை போடப்படும். கரையில் மடைகள் இருக்கும். மடையைத் திறந்தால் வாய்க்கால் வழியாக ஆயக்கட்டு வயல்களுக்கு நீர் பாயும். கண்மாய் நிறைந்துவிட்டால் மிகுதி நீர் கலுங்கு வழியாக வெளியேறும். இதை 'மறுகால் பாய்கிறது' என்பார்கள். மறுகால் பாயும் நீர் வீணாவதில்லை. அது கீழே உள்ள அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அது நிறைந்தால் அதற்கடுத்த கண்மாய்க்கு. இவ்வாறு சங்கிலிபோலக் கண்மாய்கள் இணைக்கப்பட்டுள்ளன. மேல் கண்மாய்க்காரர் கலுங்கை அடைத்துக்கொண்டால் கீழ் ஊர் காயும். ஆகவே ஊருக்கு ஊர் ஒற்றுமை இருந்தால்தான் இம்முறை நிலைக்கும். பொறியியலோடு ஒழுக்கமும் சேர்ந்த ஏற்பாடு இது.

இந்த மலைநீரோடு மேலூர் வட்டாரத்துக்கு மற்றொரு நீரும் பிற்காலத்தில் வந்தது. பென்னிகுவிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்க வழியே கிழக்கே திருப்பப்பட்டு, வைகையில் சேர்ந்து, பெரியாற்றுப் பிரதானக் கால்வாய் மூலம் மேலூர்ப் பக்கத்துக்கும் வந்தது. அதனால் நெல் சாகுபடி பெருகியது. அணை வந்து நூற்று முப்பது ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் குன்றும் கண்மாயும் கிணறுமே இப்பகுதி மக்களுக்குச் சோறு போட்டன என்பதை மறத்தலாகாது.

பறவைகளும் விலங்குகளும்

நீர் உள்ள இடத்தில் உயிர் இருக்கும். இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் குறிப்பிடத்தக்கவை. இவ்வகைப் பறவைகள் மனிதர் எட்ட முடியாத செங்குத்தான பாறை விளிம்புகளை நாடிக் கூடு கட்டக்கூடியவை. தரையில் எலி, ஓணான் முதலியவற்றையும் வானில் சிறு பறவைகளையும் பிடித்து உண்ணும். நாம் அறிவியலில் படிக்கும் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பவை இவை. உச்சியில் உள்ளது பிழைத்திருக்கிறது என்றால் கீழே உள்ள படிகளெல்லாம் நன்றாக இருக்கின்றன என்று பொருள்.

எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் இங்கே வாழ்கின்றன. எறும்புத்தின்னிக்குப் பல் கிடையாது. நீண்ட நாக்கினால் எறும்பையும் கறையானையும் நக்கி உண்ணும். ஆபத்து வந்தால் உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளும். அதன் செதிலுக்காக உலகெங்கும் வேட்டையாடப்பட்டு அருகிவரும் பிராணி அது. தேவாங்கோ இரவில் நடமாடும் சாது; பெரிய வட்டக் கண்களை உடையது. மெலிந்தவரைப் பார்த்து 'தேவாங்கு போல' என்று கேலி பேசுவோர், பூச்சிகளை உண்டு பயிருக்கு நன்மை செய்யும் அப்பிராணியின் பெருமையை அறியமாட்டார்கள்.

கல்லில் எழுதிய வரலாறு

இனி வரலாற்றுக்கு வருவோம். பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும், அடிப்பகுதி குடைந்தும் இருக்கும் இடங்களில் இயற்கைக் குகைகள் உண்டாகின்றன. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடம், பக்கத்தில் சுனை, கூப்பிடு தூரத்தில் ஊர். பொருளைத் துறந்து தவம் செய்ய வந்த சமண முனிவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர்கள் இக்குகைகளில் தங்கினார்கள். படுப்பதற்காகப் பாறையைச் செதுக்கிய படுக்கைகளை இன்றும் காணலாம். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டி, மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி செய்திருக்கிறார்கள். அந்தக் காடியின் அருகேதான் எழுத்துகள் பொறிக்கப்பட்டன.

மீனாட்சிபுரத்தில் உள்ள மலையில் இருப்பவை மாங்குளம் கல்வெட்டுகள் என்று பெயர் பெற்றவை. இவற்றை 1882ஆம் ஆண்டு இராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டறிந்தார். ஆனால் அப்போது அவற்றைப் பொருள் தெரிந்து படிக்க யாராலும் இயலவில்லை. எழுத்து அசோகர் காலப் பிராமியைப் போல இருந்ததால் மொழி பிராகிருதமாக இருக்கும் என்று பலரும் கருதினர். 1924ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் என்ற கல்வெட்டறிஞர், இவ்வகைக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று எடுத்துக் காட்டினார். பிறகு 1960களில் ஐராவதம் மகாதேவன் ஆராய்ந்து, மாங்குளம் கல்வெட்டில் 'நெடுஞ்செழியன்' என்ற பாண்டியப் பெயர் இருப்பதை உறுதிப்படுத்தினார். சங்க நூல்களில் மட்டுமே நாம் கேட்ட பாண்டியர் பெயர் கல்லிலேயே கிடைத்துவிட்டது! இக்கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது ஏறத்தாழ 2,200 ஆண்டுகள் பழமையானவை. தமிழ் எழுத்துக்கு நம்மிடம் உள்ள மிகத் தொன்மையான சான்றுகளுள் இவையும் அடங்கும்.

இக்கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன? கணிநந்தன் என்ற சமண முனிவருக்குக் குகைத் தங்குமிடம் அமைத்துக் கொடுத்ததைச் சொல்கின்றன. கொடுத்தவர்களில் அரச அலுவலர் உண்டு. நெடுஞ்செழியனின் உறவினர் குடும்பத்தைச் சேர்ந்தவர் உண்டு. 'வெள்ளறை' என்ற ஊரின் வணிகக் குழுவினரும் உண்டு. அந்த வெள்ளறைதான் இன்றைய வெள்ளரிப்பட்டி என்று அறிஞர்கள் கருதுகின்றனர். நெடுஞ்சாலையில் நாம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகும் அவ்வூரில் 2,200 ஆண்டுக்கு முன்பே வணிகர் சங்கம் இருந்தது. அரசனுடைய ஆளும் சாதாரண வணிகரும் ஒரே மலையில், ஒரே முனிவருக்கு உதவிப் பெயர் பொறித்தார்கள். அவர்களுக்குள் எழுத்தறிவு பரவியிருந்தது என்பதற்கும் இதுவே சான்று.

கழிஞ்சமலையும் குடைவரைக் கோயிலும்

அரிட்டாபட்டியின் கழிஞ்சமலையிலும் இவ்வாறான குகை உண்டு. இங்கே இரண்டு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று 1971ஆம் ஆண்டும், மற்றொன்று 2003ஆம் ஆண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. குகையைத் தங்குமிடமாக அமைத்துக் கொடுத்தவர்களின் பெயரோடு நெல்வெளி, இலஞ்சி என்ற ஊர்ப் பெயர்களும் அவற்றில் வருகின்றன. இவை இன்றைய திருநெல்வேலியும் தென்காசிக்கு அருகிலுள்ள இலஞ்சியும் ஆகலாம் என்பது அறிஞர் கருத்து. அப்படியானால் பேருந்தும் இரயிலும் இல்லாத காலத்தில் 150 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊர்க்காரர்கள் இம்மலையை அறிந்திருந்தார்கள், இதற்குக் கொடை அளித்தார்கள் என்று ஆகிறது. நாமோ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறோம்!

அதே மலையில் பல நூற்றாண்டு கழித்து, கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டு அளவில், ஒரு சமணத் தீர்த்தங்கரரின் உருவம் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டது. அதன் அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ளது. அச்சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற முனிவர். அவருடைய பெயர் ஆனைமலை, அழகர்மலை, கீழக்குயில்குடி, கருங்காலக்குடி முதலிய மலைகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. மலைக்கு மலை நடந்து சென்று சமயப் பணி ஆற்றியவர் போலும். அரிட்டாபட்டி மலை அக்காலத்தில் 'திருப்பிணையன் மலை' என்று அழைக்கப்பட்டது என்றும், பாதிரிக்குடியார் என்போர் அச்சிற்பத்துக்குக் காவலாக இருந்தனர் என்றும் அக்கல்வெட்டால் தெரிகிறது. மலையைக் காக்கும் பொறுப்பை ஊரார் ஏற்பது இங்கே புதிய வழக்கம் அன்று. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் பதிந்த வழக்கம்.

இவ்வூரில் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டு அளவில் பாறையையே குடைந்து கருவறை செய்தார்கள். செங்கல்லோ சுண்ணாம்போ இல்லாமல் ஒரே பாறையில் உளியால் உண்டாக்கிய கோயில் இது. வாயிலின் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் இலகுலீசர். இலகுலீசர் என்பவர் பாசுபத சைவத்தின் ஆசிரியராகப் போற்றப்படுபவர். குஜராத்தில் தோன்றியவர் என்பர். தமிழ்நாட்டில் அவருடைய சிற்பங்கள் மிகச் சில இடங்களிலேயே உள்ளன. குஜராத்தில் எழுந்த ஒரு சமய நெறியின் அடையாளம் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருப்பது வியப்பைத் தருகிறது. வணிகரோடும் துறவிகளோடும் கருத்துகளும் எவ்வளவு தூரம் நடந்திருக்கின்றன!

சமணர் வந்தனர், சைவர் வந்தனர், காலம் மாறியது. பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரின் எழுத்தை அழித்துவிடவில்லை. அதனால்தான் இன்று எல்லாவற்றையும் ஒரே ஊரில் நாம் படிக்க முடிகிறது.

மலைக்கு வந்த சோதனைகள்

இத்தகைய மலைக்கும் சோதனைகள் வந்தன. மேலூர் வட்டாரத்துக் கிரானைட் கல்லுக்கு வெளிநாடுகளில் நல்ல விலை. சில பத்தாண்டுகளாகப் பல குன்றுகள் அறுக்கப்பட்டுக் கப்பலேறின. கண்மாய்களிலும் வாய்க்கால்களிலும் கழிவுக் கற்கள் கொட்டப்பட்டன. 2012ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தின் சட்டவிரோதக் குவாரிகள் பற்றி மாவட்ட ஆட்சியராயிருந்த உ. சகாயம் அளித்த அறிக்கை நாடு முழுவதும் பேசப்பட்டது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015ஆம் ஆண்டு அவர் அறிக்கையைச் சமர்ப்பித்தார். அரிட்டாபட்டி மக்கள் தங்கள் குன்றுகளில் குவாரி வராதபடி எதிர்த்து நின்று காத்துக்கொண்டனர்.

2022ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துப் 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என அறிவித்தது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி தமிழ்நாட்டில் அமைந்த முதல் தலம் இதுவே. 2025ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காடு இரண்டாவதாகச் சேர்ந்தது. இச்சட்டத்தின் கீழ் அமையும் தலத்தில் ஊர் மக்கள் வெளியேற்றப்படுவதில்லை. மேய்ச்சலும் வழிபாடும் வழக்கம்போல் நடக்கலாம். மக்களையும் மலையையும் சேர்த்தே காப்பது இதன் சிறப்பு.

அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டுகளே ஆன நிலையில், 2024ஆம் ஆண்டு நவம்பரில், டங்ஸ்டன் எடுப்பதற்கான உரிமையை மத்திய அரசு ஏலம் விட்ட செய்தி வெளியாயிற்று. 'நாயக்கர்பட்டித் தொகுதி' என்ற அப்பகுதியின் பரப்பு 2,015 ஹெக்டேருக்கு மேல். அதாவது ஏறத்தாழ 20 சதுரக் கிலோமீட்டர். அதற்குள் அரிட்டாபட்டி முதலிய பல ஊர்கள் அடங்கியிருந்தன. பல்லுயிர்த் தலமும் அதற்குள்ளேயே இருந்தது.

டங்ஸ்டன் என்பது என்ன? நாம் வேதியியலில் படிக்கும் தனிமம்தான். அதன் அணு எண் 74, குறியீடு டபிள்யூ. உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை உடையது. 3,400 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்திலேயே உருகும். ஆகையால் பழைய மின்விளக்குகளின் இழை அதனால் செய்யப்பட்டது. கடினமான பொருள்களைத் துளையிடும் கருவிகளுக்கும் போர்த் தளவாடங்களுக்கும் அது தேவை. நாட்டுக்கு வேண்டிய உலோகம் என்பதை மறுக்க இயலாது. ஆனால் சுரங்கம் தோண்டுவது என்றால் மேல்மண்ணை நீக்கி, பாறையை வெடிவைத்துப் பிளந்து, பொடியாக்க வேண்டும். பாறை போனால் சுனை எங்கே? நீர் வரும் வழி சிதைந்தால் கண்மாய் எதற்கு? கண்மாய் வறண்டால் வயல் ஏது? கல்வெட்டையும் கல்வெட்டு இருக்கும் குகையையும் வேறிடத்துக்கு மாற்றி வைக்கவும் முடியாது.

மேலூர் வட்டார மக்கள் கிராம சபைகளில் கூடித் தீர்மானம் நிறைவேற்றினர். 2024 டிசம்பர் 9ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றமும் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் நாள் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் மதுரை நகருக்கு ஊர்வலமாக வந்தனர். விவசாயிகளோடு கடைக்காரர்களும் கடையடைத்துச் சேர்ந்துகொண்டனர். கடைசியில் ஜனவரி 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. அத்தை மாமன் வீட்டுக் கலியாணம்போல் மேலூர் ஊர்களில் அன்று மகிழ்ச்சி நிலவியது.

நாம் கற்கும் பாடம்

இவ்வெற்றிக்கு மக்களின் ஒற்றுமை முதற்காரணம். அதோடு இன்னொன்றும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அது அறிவு. 1882இல் ஒருவர் மலையேறி எழுத்தைப் பார்த்தார். 1924இல் ஒருவர் அதைத் தமிழ் என்று நிறுவினார். 1960களில் ஒருவர் அரசன் பெயரைப் படித்தார். 1971இலும் 2003இலும் புதிய கல்வெட்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன. பறவை ஆர்வலர்கள் விடியற்காலையில் வந்து பறவைகளை எண்ணிப் பெயர் எழுதினார்கள். சுனையையும் கண்மாயையும் கணக்கெடுத்தார்கள். இவையெல்லாம் ஏட்டில் இருந்ததால்தான், "இது வெறும் பாறை" என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிற்று. பெயர் தெரியாத பறவைக்காகவும் படிக்கப்படாத கல்லுக்காகவும் யார் வழக்காடுவார்?

ஆகவே தோழியரே, நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் நகராட்சியிலும் 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' தயாரிக்க வேண்டும். அவ்வூரின் செடி கொடி, மரம், பறவை, விலங்கு, பாரம்பரிய விதை, நாட்டு மருத்துவம் யாவும் அதில் இடம் பெறும். மூத்தவர்களிடம் கேட்டுத்தான் அதை நிரப்ப முடியும். நம் தாத்தா பாட்டிமார் ஊர்களுக்கு விடுமுறையில் செல்லும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துச் செல்வோம். கண்மாயின் பெயர் என்ன, அது மறுகால் பாய்ந்தால் நீர் எங்கே போகும், குன்றுக்கு ஏன் அப்பெயர் வந்தது என்று கேட்டு எழுதுவோம். கல்வெட்டு உள்ள இடத்துக்குப் போனால் நம் பெயரைக் கீறாமல் திரும்புவோம். பல மலைக் குகைகளில் வந்து போனவர்கள் பெயிண்டால் எழுதிய பெயர்கள் பழைய எழுத்துகளை மறைத்திருப்பது வருந்தத்தக்கது.

முடிவுரை

அரிட்டாபட்டி சிறிய ஊர்தான். நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் சில குன்றுகளும் பனைமரங்களும் வயலுமே தெரியும். ஆனால் அதன் பாறை மழையைப் பிடிக்கிறது. மழை கண்மாயை நிரப்புகிறது. கண்மாய் ஊரை வாழ வைக்கிறது. ஊர் மலையைக் காக்கிறது. நெடுஞ்செழியன் காலத்து வணிகரும், அச்சணந்தி முனிவரும், உளி பிடித்த பெயர் தெரியாத சிற்பியும், 2025இல் வெயிலில் நடந்து வந்த விவசாயப் பெண்களும் ஒரே மலையின் கதையில் வருகிறார்கள். மதுரையைச் சுற்றி இன்னும் எத்தனையோ குன்றுகளும் கண்மாய்களும் தங்கள் கதையை எழுத ஆள் இன்றி நிற்கின்றன. அவற்றில் ஒன்றையாவது நம்முள் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வோமாக! அடுத்த ஆண்டு மலரில் உங்கள் ஊரைப் பற்றிப் படிக்க ஆவலோடு காத்திருக்கிறேன்.